இரவுச் சப்பாத்தியும் ஏறாத இரத்தமும்

கொங்குப் பகுதியில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால், தட்டிலிருந்து முதலில் விலக்கப்படுவது அரிசிச் சோறுதான். அதன் இடத்தில் சப்பாத்தியோ கோதுமை ரவை உப்புமாவோ வந்து அமர்ந்துகொள்ளும். என் தந்தைக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்ததும், காங்கேயம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் இரவு உணவு முழுவதுமாகக் கோதுமைக்கு மாறியது. அவருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சமைக்க முடியாது என்பதால் அனைவரும் அதையே உண்டோம். திருமணமாகித் திருப்பூருக்கு வந்த பிறகும் எனக்கு அந்தப் பழக்கம் தொடர்ந்தது. பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் காலைத் தேநீருடன் ஒரு பன், மாலையில் பிஸ்கட், இரவில் சப்பாத்தி என்று, கம்பும் சோளமும் உண்டு வளர்ந்த குடும்பத்தில் பிறந்த நான் ஏறத்தாழ மூன்று வேளையும் கோதுமை உண்பவளாக மாறியிருந்தேன். கோதுமை உடம்புக்கு நல்லது என்ற எண்ணம் மிக ஆழமாகப் பதிந்திருந்ததால், எனக்கு வந்த தொல்லைகளுக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று வீட்டில் எவரும் நினைக்கவில்லை. நான் பார்த்த மருத்துவர்களும் நெடுங்காலம் நினைக்கவில்லை. கோதுமை உண்பதால் குடல் சிதையும் சீலியாக் என்ற நோயின் பெயரை முதன்முதலாக நான் கேட்பதற்குள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. அந்த ஆண்டுகளில் எவராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஏங்கிய செய்திகளை இங்கே எழுதுகிறேன்.

அறிகுறிகள் ஒரே நாளில் வரவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்ததால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் கிடைத்தது. வயிறு உப்பியபோது அது வாயுத் தொல்லை எனப்பட்டது. பூண்டைச் சுட்டுத் தின்றேன். வாயில் புண் வந்து ஆறி மீண்டும் வந்தபோது உடம்புச் சூடு என்றார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், மணத்தக்காளிக் கீரையை வாரம் தவறாமல் உண்டேன். முடி கொட்டியதற்குத் திருப்பூர்த் தண்ணீர் காரணமாயிற்று. மாலையானால் படி ஏற முடியாத அளவுக்கு வந்த சோர்வுக்கு வேலைப் பளு காரணமாயிற்று. சில வாரங்கள் வயிற்றுப்போக்கு, சில வாரங்கள் மலச்சிக்கல், பிறகு பத்து நாள் ஒன்றுமில்லை என்று மாறி மாறி வந்ததால், இதை ஒரு நோயென்று எண்ணவே எனக்குத் தோன்றவில்லை. எடை குறைந்ததை உறவினர்கள் பாராட்டினார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. இன்று திரும்பிப் பார்க்கும்போது, இவற்றில் எந்த ஒன்றும் தனியாக எதையும் நிரூபிக்காது என்பதும், வாய்ப்புண்ணும் உப்புசமும் இரத்தசோகையும் ஒரே ஆளிடம் ஒரே காலத்தில் விடாமல் இருக்கும்போது அவற்றை ஒரே தாளில் எழுதி ஒரே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதும் தெளிவாகத் தெரிகின்றன. நான் வாய்ப்புண்ணைப் பல் மருத்துவரிடமும், முடியைத் தோல் மருத்துவரிடமும், சோர்வைப் பொது மருத்துவரிடமும் காட்டிக்கொண்டிருந்தேன்.

மிகத் தெளிவான அறிகுறி என் இரத்தத்தில்தான் இருந்தது. ஹீமோகுளோபின் 8 என்று வந்தது. இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள். மாதக்கணக்கில் விழுங்கியும் அது 9ஐத் தாண்டவில்லை. பெண் என்பதால் மாதவிடாய்மீது பழி விழுந்தது. கர்ப்பப்பைக்கு ஸ்கேன் எடுத்தார்கள், குடற்புழு மாத்திரை கொடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள். அம்மா ஊரிலிருந்து முருங்கைக்கீரையும் கருப்பட்டியும் அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் மருத்துவமனையில் படுக்க வைத்து இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். எண் சட்டென்று ஏறியது, அடுத்த ஆண்டுக்குள் மீண்டும் இறங்கியது. மாத்திரையை ஒழுங்காக உண்டும் இரத்தம் ஏறவில்லை, நரம்பில் ஏற்றினால் மட்டும் ஏறுகிறது என்றால், மருந்து குடலில் உறிஞ்சப்படவில்லை என்றுதானே பொருள்? இந்தக் கேள்வியை எந்த மருத்துவரும் என்னிடம் எழுப்பவில்லை. இரும்புச்சத்து பெரும்பாலும் இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது; சீலியாக் நோய் முதலில் சிதைப்பதும் அந்த இடத்தைத்தான். ஆகவே மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை எடுத்தும் ஹீமோகுளோபினும், உடலில் இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் அசையவில்லை என்றால், இன்னொரு நிறுவனத்தின் மாத்திரைக்கு மாறுவதைவிட, "ஏன் உறிஞ்சப்படவில்லை என்று பார்க்கலாமா?" என்று மருத்துவரிடம் பணிவாகக் கேட்டுவிடுவது நல்லது.

இடையில் ஒரு மருத்துவமனையில் எனக்கு வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். இரைப்பையில் சிறிது புண் இருப்பதாகச் சொல்லி, அங்கிருந்து மட்டும் திசு எடுத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நீண்ட காலத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். குழாய் முன்சிறுகுடல் வரை சென்றிருந்தும் அங்கிருந்து திசு எடுக்கப்படவில்லை. கண்ணுக்கு இயல்பாகத் தெரிந்தது என்று அறிக்கையில் எழுதியிருந்தது. பாதிக்கப்பட்ட குடல் கண்ணுக்கு இயல்பாகவே தெரியக்கூடும், நுண்ணோக்கியில் பார்த்தால்தான் சிதைவு புலப்படும் என்பது எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது. அமிலம் குறைந்தால் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதும் குறையும் என்பதால், அந்த மாத்திரை என் இரத்தசோகைக்கு மேலும் கேடு செய்திருக்கும். காரணம் தெரியாத இரத்தசோகைக்காக எண்டோஸ்கோப்பி செய்துகொள்பவர்கள், குழாயை உள்ளே விடுவதற்கு முன்பே, முன்சிறுகுடலிலிருந்தும் திசு எடுப்பார்களா என்று கேட்டுவிட வேண்டும். ஒரே இடத்தில் எடுத்தால் போதாது. நோய் திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் முன்சிறுகுடலின் தொடக்கத்தில் ஒன்றிரண்டும், அதற்கு அடுத்த பகுதியில் குறைந்தது நான்கும் எடுப்பது வழக்கம்.

எனக்கு மிகவும் எரிச்சல் தரும் செலவு இதற்குப் பிறகு வந்தது. உடன் பணிபுரிந்த ஒருவர் சொல்லி, உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பதாக விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தில் 18,000 ரூபாய் கட்டி இரத்தம் கொடுத்தேன். கோதுமை, பால், முட்டை, நிலக்கடலை, கத்தரிக்காய் என்று சிவப்பு நிறத்தில் நீண்ட பட்டியல் ஒன்று வந்தது. ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் இத்தகைய பரிசோதனை, நாம் அடிக்கடி எதை உண்கிறோம் என்பதைக் காட்டுமே அன்றி எது நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதைக் காட்டாது. ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் இதை நோயறிவதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கின்றன. அந்த நிறுவனத்தின் உணவு ஆலோசகர் அனைத்தையும் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். சில வாரங்களில் வயிறு இலேசானது, வாய்ப்புண் ஆறியது. பட்டியலில் இருந்தவற்றில் எது காரணம் என்று தெரியாமலே உடம்பு தேறியது. அந்த மகிழ்ச்சியில் பல மாதம் சென்ற பிறகுதான், கோயம்புத்தூரில் ஒரு குடல் நோய் மருத்துவரைப் பார்க்கும் வாய்ப்பு அமைந்தது. அவர் என் கதையைக் கேட்டுவிட்டுச் சீலியாக்குக்கான இரத்தப் பரிசோதனை செய்தார். நோய் இல்லை என்று முடிவு வந்தது. அறிக்கையைப் பார்த்தவர் சிறிது யோசித்துவிட்டு, "கோதுமையை எப்போதிருந்து சாப்பிடறதில்லைங்க?" என்று கேட்டார். நான் சொன்னதும் அறிக்கையை மூடி வைத்துவிட்டார்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கோதுமைமீது சந்தேகம் வந்தால், பரிசோதனை முடியும்வரை அதை நிறுத்தாதீர்கள். அந்த இரத்தப் பரிசோதனை, கோதுமைப் புரதத்தால் தூண்டப்பட்டு உடல் தன் சொந்தத் திசுவுக்கு எதிராகவே உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்களைத் தேடுகிறது. கோதுமையை விட்டுவிட்டால் அவை படிப்படியாக மறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும், அதன் பிறகு இரத்தத்திலும் திசுவிலும் நோய் ஒளிந்துகொள்ளும். என் நிலை அதுவாகத்தான் இருந்தது. மருத்துவர் என்னை மீண்டும் கோதுமை உண்ணச் சொன்னார்: நாள்தோறும் இரண்டு மூன்று சப்பாத்தி, ஆறிலிருந்து எட்டு வாரம் வரை, அவருடைய கண்காணிப்பில். முதல் வாரத்திலேயே உப்புசமும் வயிற்றுப்போக்கும் திரும்பின. அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலம் வேறு. கழிப்பறைக்கும் கணினிக்கும் இடையே நடந்துகொண்டு, இரவில் நஞ்சென்று தெரிந்தே சப்பாத்தியைப் பிட்டுப் போட்டுக்கொண்ட அந்த வாரங்களில் நான் அழாத நாள் குறைவு. கணவர் வேலை காரணமாக வெளியூரில் இருந்தார். சிறுவனாக இருந்த மகனிடம் எதைச் சொல்வது? அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "சப்பாத்தி கூட ஒத்துக்காம ஒரு உடம்பா கண்ணு?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை; உண்மையிலேயே அவருக்கு அது விளங்கவில்லை.

இரண்டாம் முறை டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் பொருள் இயல்பு வரம்பைப்போலப் பல மடங்கு இருந்தது. அத்துடன் ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதம் உடலில் மொத்தம் எவ்வளவு என்பதையும் மருத்துவர் பார்த்தார். சிலருக்குப் பிறவியிலேயே ஐ.ஜி.ஏ. குறைவாக இருக்கும்; அத்தகையவர்களுக்கு நோய் இருந்தாலும் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. பரிசோதனை இல்லையென்று காட்டிவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். எனக்கு இரண்டுக்கும் சேர்த்து 2,500 ரூபாய்க்குள் முடிந்தது. பிறகு செய்த எண்டோஸ்கோப்பியில் முன்சிறுகுடலிலிருந்து எடுத்த திசு நோயை உறுதி செய்தது. நல்ல குடலின் உட்சுவர் புதிய பூத்துவாலையைப்போல நுண்ணிய உறிஞ்சிகள் அடர்ந்து இருக்கும், என்னுடையது பல ஆண்டு துவைத்துப் பூ உதிர்ந்த துவாலையாக இருக்கிறது என்று மருத்துவர் விளக்கினார். துணித் தொழில் செய்யும் ஊரிலிருந்து வந்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

குளூட்டன் என்பது கோதுமையிலும் பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் உள்ள புரதம். மரபுவழியாக இதற்கு ஏதுவான உடலமைப்பு உள்ள சிலரிடம், அதை எதிர்க்கப் புறப்படும் நோயெதிர்ப்பு ஆற்றல் சொந்தக் குடலையே தாக்கிவிடுகிறது. இதைக் கோதுமையோடு இணைத்துக் காட்டியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கெ. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்நோயுள்ள குழந்தைகள் தேறியதையும், ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியதையும் அவர் கண்டார்; 1950இல் தம் ஆய்வேட்டில் அதை எழுதினார். நம் நாட்டில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு, வடக்கில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும் இந்நோய் இருப்பதாகக் கண்டது. தெற்கில் உண்ணப்படும் கோதுமை வடக்கில் உண்பதில் ஒரு சிறு பங்குதான் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. இதனால்தான் இங்குள்ள மருத்துவர்களின் மனத்தில் இந்த நோய் முதலில் தோன்றுவதில்லை. அவர்களைக் குறை கூறுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆயினும் நம் வீடுகளின் இரவு உணவு மாறிவிட்டது, பேக்கரி இல்லாத தெரு இல்லை என்பதை அவர்களும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோதுமை உண்டால் வயிறு உப்புகிறவர்கள் அனைவருக்கும் இந்நோய் இருப்பதாக எண்ணிவிடவும் கூடாது. கோதுமை உண்ட சிறிது நேரத்தில் உடல் தடித்து மூச்சு முட்டினால் அது கோதுமை ஒவ்வாமை. அதற்கு மருத்துவம் வேறு, அவசரம் அதிகம். சீலியாக் பரிசோதனைகள் எல்லாம் இல்லையென்று காட்டியும் கோதுமையால் தொல்லைப்படுகிறவர்களும் உண்டு. அவர்களில் பலருக்குக் காரணம் குளூட்டன் அல்ல, கோதுமையில் உள்ள ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து வகை. வெங்காயத்திலும் பூண்டிலும் அது இருப்பதால் அவற்றாலும் வயிறு உப்பும். வேறுபாட்டை அறிய வேண்டியது ஏன் என்றால், சீலியாக் உள்ளவர் வாழ்நாள் முழுவதும் ஒரு துணுக்குக் கோதுமையைக்கூடத் தவிர்க்க வேண்டும். ஃபிரக்டானால் தொல்லைப்படுகிறவருக்கு அந்தக் கடுமை தேவையில்லை. குடல் காசநோய், ஜியார்டியா போன்ற தொற்றுகள், தென்னிந்தியாவில் அறியப்பட்ட வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் குடல் நோய் ஆகியவையும் இதே அறிகுறிகளுடன் வரக்கூடும் என்பதால், தாமாகவே முடிவு கட்டிக்கொள்வது ஆபத்தானது.

உணவு விஷயத்தில் கொங்கு நாட்டில் பிறந்தது எனக்கு வாய்த்த நல்லூழ் என்றே சொல்வேன். பஞ்சாபில் பிறந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அரிசிம்பருப்புச் சாதம், சந்தகை, ராகிக் களி, கம்பங்கூழ், கொள்ளுப் பருப்பு, கச்சாயம் என்று என் ஆத்தா சமைத்தவற்றில் கோதுமைக்கு இடமே இல்லை. அரிசி, கம்பு, ராகி, சோளம், தினை, சாமை, வரகு எதிலும் குளூட்டன் கிடையாது. தொல்லை எல்லாம் மறைந்திருக்கும் கோதுமையால்தான். முதல் அதிர்ச்சி பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினுடன் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருப்பது வழக்கம். சாம்பார், இரசம், ஊறுகாய் அனைத்தின் வழியாகவும் அது உள்ளே போகும். அரிசி மாவு கலந்தவையும் கிடைக்கின்றன. அட்டையில் உள்ள பொருள் பட்டியலைப் படித்து வாங்க வேண்டும். ராகி சேமியாவிலும் கம்பு பிஸ்கட்டிலும் பெரும்பாலும் பாதி கோதுமைதான். சத்து மாவில் வறுத்த கோதுமை இருக்கும். மால்ட் சேர்த்த பானங்களில் பார்லி இருக்கும். சோயா சாஸில் கோதுமை இருக்கும். சாதாரண ஓட்ஸில் கோதுமை கலந்துவிட்டிருக்கும். குளூட்டன் இல்லாதது என்று விற்க வேண்டுமானால் ஒரு கிலோவில் அது 20 மில்லிகிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

எனக்கு உடம்பு தேறத் தொடங்கிய பிறகும் இடையிடையே தொல்லை வந்தபோது, காரணத்தைக் கண்டுபிடிக்க நெடுநாள் ஆயிற்று. அது மாவு மில். எனக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துவிட்டுப் போன அதே எந்திரத்தில்தான் என் ராகியும் அரைபட்டது. சிறிய மாவு எந்திரம் ஒன்றை வாங்கி வீட்டிலேயே அரைக்கத் தொடங்கியதும் அந்தத் தொல்லை நின்றது. இரவு உணவகங்களில் பரோட்டா போட்ட கல்லிலேயே தோசையும் வார்ப்பார்கள். சமோசா பொரித்த எண்ணெயிலேயே பஜ்ஜி போடுவார்கள். வெளியில் உண்ண வேண்டி வந்தால் நான் இட்லியோடு நிறுத்திக்கொள்கிறேன், சாம்பாரைத் தொடுவதில்லை. விருந்துகள்தாம் கடினம். நோம்பிக்கு ஒப்பிட்டு என்னும் போளியைச் சுட்டுக்கொண்டு வந்து நீட்டும் பெரியம்மாவிடம் மைதாவைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பதால், "டாக்டர் சுத்தமா வேண்டாம்னுட்டாருங்க" என்று மட்டும் சொல்லப் பழகினேன். மருத்துவரின் பெயரைச் சொன்னால் அடங்கிவிடுகிறார்கள். குளூட்டன் என்று சொன்னால் "கொஞ்சூண்டு தின்னா ஒண்ணும் ஆகாது" என்று தொடங்கிவிடுகிறார்கள்.

குணமாவதற்குப் பொறுமை வேண்டும். வயிறு சில வாரங்களில் அடங்கியது. ஹீமோகுளோபின் 12ஐத் தொட ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. தொடக்கத்தில் பாலும் ஒத்துக்கொள்ளவில்லை, ஏனெனில் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி அந்தச் சிதைந்த உறிஞ்சிகளின் நுனியில்தான் சுரக்கிறது. குடல் ஆறியதும் தயிரும் மோரும் பிறகு பாலும் திரும்பின. எலும்பின் அடர்த்தி குறைந்திருந்ததால் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி மாத்திரையும் இன்னும் தொடர்கின்றன. தேவையற்ற பரிசோதனைகள், மருந்துகள், சம்பளமில்லா விடுப்பு அனைத்தையும் கூட்டிப் பார்த்தபோது ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. கணக்கெழுதும் வேலை செய்பவள் என்பதால் இரசீதுகளை எறியாமல் வைத்திருந்தேன். கோயம்புத்தூர் மருத்துவரிடம் எல்லாவற்றையும் காலவரிசையில் அடுக்கிக் காட்ட முடிந்தது அதனால்தான்.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருக்க வாய்ப்புள்ளதால் குடும்பத்தையும் சோதிக்கச் சொன்னார்கள். மகனுக்கு இப்போது இல்லை. பின்னாளில் தோன்றலாம் என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், அதுவரை அவன் கோதுமை உண்ணலாம். அண்ணன்தான் பிடிகொடுக்கவில்லை. "எனக்கு வயித்துல ஒரு கோளாறும் இல்ல அம்மிணி" என்றார். ஆனால் அவருடைய முழங்கைகளிலும் முழங்கால்களிலும் பல ஆண்டுகளாகச் சிறு கொப்புளங்கள் வந்து தாங்க முடியாத அரிப்பு இருந்தது. படை என்று எண்ணி மருந்துக்கடைக் களிம்புகளைப் பூசிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும் அத்தகைய கொப்புளங்கள் இந்நோய் தோலில் வெளிப்படும் வடிவமாக இருக்கலாம் என்று என் மருத்துவர் சொன்னார். பரிசோதனை முடியும்வரை பரோட்டாவை நிறுத்தவே கூடாது என்று நான் சொன்னதும் அண்ணன் உடனே ஒப்புக்கொண்டார். இரத்தத்திலும் தோல் திசுவிலும் நோய் உறுதியாயிற்று. இப்போது அவர் வீட்டு ராகியையும் என் எந்திரத்தில்தான் அரைக்கிறோம். மின்கட்டணத்தில் பாதியை அவர் தந்துவிடுகிறார்.